உடன்பிறந்தவர்கள் ஏன் ஒரே மாதிரி இருப்பதில்லை? மரபியல் கேள்வி பதில்

கேள்வி: ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள். மூத்தவன் நெட்டை, இளையவன் குட்டை. சாயலும் வேறு. ஏன்?

பதில்: நம் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகள், உள்ளன. ஜோடியில் ஒன்று தாய்வழி, மற்றது தந்தைவழி. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் அதற்குள் போகும். எது போகும் என்பது தற்செயல். இதிலேயே ஒருவரிடம் ஏறத்தாழ 84 லட்சம் சேர்க்கைகளுக்கு இடமுண்டு. தாய், தந்தை இருவரையும் சேர்த்தால் 70 லட்சம் கோடி. அதோடு முடியவில்லை. பிரிவதற்கு முன் ஜோடிகள் நெருங்கி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஆகவே தந்தை உங்களுக்குத் தந்த குரோமோசோம் உங்கள் தாத்தாவுடையதும் அல்ல, பாட்டியுடையதும் அல்ல. இருவருடைய துண்டுகளும் கலந்து, உங்களுக்கென்றே உருவானது. உங்கள் தம்பிக்குக் கிடைத்தது வேறு கலவை.

உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உயரத்தோடு தொடர்புடைய 12,000க்கும் மேற்பட்ட மரபு வேறுபாடுகளைக் கண்டது. அத்தனையும் இரு பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி அமைந்தால்தான் ஆச்சரியம்.

கேள்வி: நாங்கள் இருவரும் மாநிறம், குழந்தை கறுப்பு. உறவினர்கள் ஏதேதோ பேசுகிறார்கள்.

பதில்: நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. உங்கள் இருவரிடமும் இருந்த கருமை தரும் வடிவங்கள் குழந்தையிடம் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். நிறத்தையும் சாயலையும் வைத்து ஒரு தாயைச் சந்தேகிப்பது கொடுமை. பேசுகிறவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மூன்றும் பெண். மனைவியின் உடல்வாகு காரணமா?

பதில்: இல்லை. பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் எக்ஸ், ஒய். இரண்டு எக்ஸ் சேர்ந்தால் பெண், எக்ஸும் ஒய்யும் சேர்ந்தால் ஆண். கருமுட்டையில் எப்போதும் எக்ஸ்தான். எக்ஸா ஒய்யா என்பது வந்து சேரும் விந்தணுவைப் பொறுத்தது. அதுவும் தற்செயலே, உங்கள் மீதும் குற்றமில்லை.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். எனக்கும் வருமா?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிள்ளைகளின் அறிவு தாயிடமிருந்து மட்டுமே வருகிறதாமே?

பதில்: தவறு.

அவரே மீண்டும்: எக்ஸ் குரோமோசோமில் மூளைக்கான மரபணுக்கள் அதிகம் என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்களே?

பதில்: மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாத மரபணுக்கள் எக்ஸில் இருப்பது உண்மை. அவை பழுதானால் அறிவுத்திறன் குன்றலாம். ஒரு கம்பி அறுந்து வீடு இருண்டால், வெளிச்சம் முழுவதும் அந்தக் கம்பியிலிருந்தே பிறந்தது என்பீர்களா? அறிவோடு தொடர்புடைய மரபணுக்கள் எல்லா குரோமோசோம்களிலும் பரவிக் கிடக்கின்றன. மேலும், மகளுக்கு ஓர் எக்ஸைத் தருவது தந்தை. உங்கள் வாதப்படியே பார்த்தாலும் மகளின் அறிவில் அவருக்குப் பங்குண்டு.

மற்றொருவர்: எலிகளில் தாய்வழிச் செல்கள் மூளையின் புறணியில், அதாவது சிந்தனைக்கு முக்கியமான வெளி அடுக்கில், சேர்ந்ததாக ஒரு சோதனை உண்டே?

பதில்: உண்டு, நல்ல சோதனை. ஆனால் அதில் தாயின் மரபு மட்டுமே கொண்ட செல்களை ஆய்வகத்தில் உருவாக்கி, சாதாரணக் கருவோடு கலந்தார்கள். இயல்பான கருவின் மூளைச் செல் ஒவ்வொன்றிலும் தாய், தந்தை இருவர் மரபும் இருக்கிறது. அங்கே 'தாய்வழிச் செல்' என்று தனியாக ஒன்று கிடையாது. சில மரபணுக்கள் தாயிடமிருந்து வந்தால் மட்டும் இயங்கும், சில தந்தையிடமிருந்து வந்தால் மட்டும். சோதனை காட்டியது அந்த வேறுபாட்டின் விளைவை. அதை எடுத்து அறிவுக்குப் பட்டா எழுதுவது நியாயமல்ல.

கேள்வி: எனக்கு ஏ வகை இரத்தம், கணவருக்கு பி, குழந்தைக்கு ஓ. எப்படி?

பதில்: உங்கள் இருவரிடமும் ஓ மரபணு ஒவ்வொன்று மறைந்திருக்கிறது. குழந்தைக்கு இரண்டும் வந்துவிட்டன.

கேள்வி: இருவருக்கும் பாசிட்டிவ், குழந்தைக்கு நெகட்டிவ்?

பதில்: மேலே உள்ள பதிலேதான். மறைந்திருந்தது வெளிப்பட்டது. தாயைச் சந்தேகிக்காதீர்கள்.

கேள்வி: குழந்தைக்கு எங்கள் சாயலே இல்லை...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் இருவருக்கும் ஓ. குழந்தைக்கு ஏ. இதற்கும் அதே பதில்தானா?

பதில்: இல்லை, இது வேறு. முதலில் மூவருக்கும் மறுபரிசோதனை செய்யுங்கள், பிழை நேர்வதுண்டு. முடிவு மாறாவிட்டால் பம்பாய் இரத்த வகை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1952இல் முதன்முதலில் பதிவான அரிய வகை இது. ஏ, பி அடையாளங்கள் அமர்வதற்கு அடித்தளமான எச் என்ற பொருள் இவர்களிடம் உருவாவதில்லை. அதனால் ஏ மரபணு இருந்தும் வழக்கமான சோதனையில் ஓ என்றே தெரியும். குழந்தைக்கு மற்றப் பெற்றோரிடமிருந்து எச் கிடைத்துவிட்டால் ஏ வெளிப்படும். எச் எதிர்ப்பொருள் கொண்டு செய்யும் சோதனையில் இது தெரிந்துவிடும். பம்பாய் வகை என்று உறுதியானால் அட்டையில் தெளிவாக எழுதி வாங்குங்கள். அவருக்கு ஓ இரத்தம் ஏற்றக் கூடாது, பம்பாய் வகைதான் ஏற்ற வேண்டும்.