'ஹாவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' நிகழ்ச்சிதான் போரிஸ் ஜான்சனைப் பிரதமராக்கியதா?

இந்த நிகழ்ச்சியின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. "கூப்பிட்டு உட்காரவைத்து ஊருக்கே செல்லப்பிள்ளை ஆக்கினீர்கள்" என்று ஒரு தரப்பு. "சிரிக்கவைப்பது நிகழ்ச்சியின் வேலை, ஓட்டுப் போட்டது ஜனங்கள்" என்று இன்னொரு தரப்பு. என்னைக் கேட்டால், பழியில் பங்கு உண்டு. ஆனால் அது விருந்தினர் நாற்காலிக்குச் சேராது, தொகுப்பாளர் நாற்காலிக்குத்தான் சேரும்.

பார்க்காதவர்களுக்காக: 1990-இல் பிபிசி 2-இல் தொடங்கி, 2000-இல் பிபிசி 1-க்கு மாறிய பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தி வினாடி வினா. ஒரு அணிக்கு 'பிரைவேட் ஐ' நையாண்டிப் பத்திரிகையின் ஆசிரியர் இயன் ஹிஸ்லாப் தலைவர், இன்னொன்றுக்கு நகைச்சுவைக் கலைஞர் பால் மெர்ட்டன். ஆளுக்கொரு விருந்தினர். மதிப்பெண்ணை யாரும் சட்டை செய்வதில்லை. அந்த வாரம் யார் மாட்டினார்களோ அவர்களைக் கலாய்ப்பதுதான் வேலை.

இங்கே விருந்தினராகப் போகும் அரசியல்வாதிக்குத் தனி மரியாதையெல்லாம் கிடையாது. 1993-இல் தொழிற்கட்சியின் ராய் ஹேட்டர்ஸ்லி மூன்றாவது முறையாகக் கடைசி நேரத்தில் கைவிரித்தார். அவர் இடத்தில் ஒரு டப்பா பன்றிக்கொழுப்பை வைத்து, அதற்கு 'மாண்புமிகு எம்.பி.' பட்டமும் கொடுத்து, மெர்ட்டனுக்கு ஜோடியாக உட்காரவைத்து நிகழ்ச்சியை நடத்தி முடித்தார்கள். அந்த அணிக்கு மட்டும் புரியாத மொழிகளில் கேள்வி. அப்படியும் கொழுப்பு அணிதான் ஜெயித்தது! வராதவருக்கே இந்தக் கதி.

ஜான்சன் முதன்முதலாக வந்தது 1998-இல், எம்.பி. ஆவதற்கு முன்னால். ஹிஸ்லாப் நேராக டேரியஸ் கப்பி விவகாரத்தில் கை வைத்தார். கப்பி, ஜான்சனின் ஈட்டன் பள்ளிக் காலத்து நண்பர். ஒரு நிருபரை ஆள் வைத்து அடிக்கத் திட்டமிட்டு, அந்த நிருபரின் முகவரியை ஜான்சனிடம் தொலைபேசியில் கேட்டவர். அந்தப் பேச்சு ஒலிநாடாவில் பதிவாகியிருந்தது. ஜான்சன் நெளிந்தார், வழிந்தார். நிகழ்ச்சி எல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்தது என்று பிறகு பத்திரிகையில் புலம்பியும் எழுதினார். அவரை இதைவிட நேரடியாக மடக்கிய பொழுதுபோக்கு நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆகவே விருந்தினராகக் கூப்பிட்டதுதான் தப்பு என்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

ஆனால் 2002 அக்டோபரில் நிலைமை மாறியது. தொகுப்பாளர் ஆங்கஸ் டேட்டனின் சொந்த வாழ்க்கை பத்திரிகைகளில் நாற, அவரை நீக்கினார்கள். (அதற்கு முன்பே, அவர் நிகழ்ச்சியிலேயே அவரை வைத்து ஹிஸ்லாப்பும் மெர்ட்டனும் ஓட்டிய ஓட்டு கொஞ்சம் குரூரம்தான்.) வாரத்துக்கு ஒரு தற்காலிகத் தொகுப்பாளர் என்று ஆரம்பித்தது இன்றுவரை அப்படியே நிலைத்துவிட்டது. ஜான்சன் திரும்ப வந்து உட்கார்ந்தது அந்த இடத்தில்.

இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. விருந்தினர் பதில் சொல்லியாக வேண்டும். தொகுப்பாளரோ கேள்வி கேட்பவர். திரையில் ஓடும், வேறு யாரோ எழுதிய நகைச்சுவையை வாசித்தால் போதும். வாசிக்கத் தடுமாறினால் அதற்கும் சிரிப்பு. கப்பி விஷயத்தில் ஆளைக் கவிழ்த்த அதே தடுமாற்றம் இங்கே கைதட்டல் வாங்கித் தந்தது. 2004-இல் பாஃப்டா (பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி விருது) பரிந்துரைகூடக் கிடைத்தது.

அந்த நாற்காலியே மோசம் என்று சொல்லவரவில்லை. 2017 நவம்பரில் நகைச்சுவைக் கலைஞர் ஜோ பிராண்ட் தொகுத்தார். சுற்றி உட்கார்ந்திருந்த நால்வரும் ஆண்கள். நாடாளுமன்றத்துப் பாலியல் சீண்டல் பற்றிப் பேச்சு வந்தபோது, இதில் சிலதெல்லாம் பெரிய குற்றமா என்கிற தொனியில் ஹிஸ்லாப் பேசினார். சின்னச் சின்னத் தொந்தரவும் தினம் தினம் சேர்ந்தால் ஒரு பெண்ணை எப்படித் தேய்த்துவிடும் என்று பிராண்ட் நிதானமாகச் சொன்னார். அரங்கம் கைதட்டியது, நாலு பேரும் கப்சிப். இத்தனை வருடத்தில் அந்த இடத்திலிருந்து வந்த சிறந்த ஒரு நிமிடம் என்று அதைத்தான் சொல்வேன்.

சரி, பிரதமராக்கியது யார்? 2019 ஜூலையில் அவரை அந்தப் பதவிக்கு அனுப்பியது பொதுத்தேர்தல்கூட இல்லை. கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்கள் 92,153 பேர் ஜெரமி ஹண்ட்டை விட்டுவிட்டு இவருக்குப் போட்ட ஓட்டு அது. ஹிஸ்லாப் அப்போது வாரா வாரம் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்த ஆளுங்கட்சியும் அதுதான்.