இரண்டாம் உலகப்போர் ஜிஎம்சி லாரியின் மாதிரியை எஞ்சினோடு சரியாகச் செய்ய எதை ஆதாரமாகக் கொள்வது?

முதலில் எந்த வகையைச் செய்கிறீர்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்கத் தயாரிப்பான சிசிகேடபிள்யூ என்ற இந்த இரண்டரை டன் ஆறு சக்கர இயக்க லாரியில் 352, 353 என இரு வடிவங்கள் உண்டு. அச்சிடை நீளம் (முன் அச்சிலிருந்து இரு பின் அச்சுகளின் நடுப்புள்ளி வரையிலான தூரம்) 352-இல் 145 அங்குலம், 353-இல் 164 அங்குலம். 1/35 அளவில் இவை சுமார் 105, 119 மில்லிமீட்டராகச் சுருங்கும் என்பதால், இதில் பிழை நேர்ந்தால் மாதிரி முழுவதுமே பிழையாகிவிடும். பின் அச்சுகளிலும் இரு தயாரிப்பாளர்களின் வடிவங்கள் பயன்பட்டன. அவற்றின் நடுக்கூடுகள் (அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் பகுதி) கண்ணுக்கே வேறாகத் தெரியும்.

எஞ்சின் 270 கன அங்குலக் கொள்ளளவு கொண்ட, ஆறு சிலிண்டர்கள் வரிசையாக அமைந்த பெட்ரோல் எஞ்சின். வால்வுகள் சிலிண்டர் தலையில் இருப்பதால் மேலே நீண்ட வால்வு மூடி தெரியவேண்டும். அதே காலத்து ஸ்டூடிபேக்கர் யூஎஸ்6 லாரியின் ஹெர்குலிஸ் எஞ்சினில் வால்வுகள் பக்கவாட்டில் இருப்பதால் தலை தட்டையாக இருக்கும்; ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றொன்றைச் செய்துவிடக் கூடாது.

அமெரிக்க ராணுவத்தின் டிஎம் 9-801 பராமரிப்புக் கையேடும், ஜி-508 உதிரிபாகப் பட்டியலும் மிகச் சிறந்த ஆதாரங்கள். உதிரிபாகப் பட்டியலின் பிரித்துக் காட்டும் படங்கள், குழாய்களும் கம்பிகளும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை எந்தப் புகைப்படத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன. புதுப்பிக்கப்பட்ட லாரிகளை மட்டும் நம்பவேண்டாம். போருக்குப் பின் பிரெஞ்சு ராணுவம் பல லாரிகளைப் பழுதுபார்த்து நெடுங்காலம் பயன்படுத்தியதால், பிற்கால மாற்றங்கள் அவற்றில் கலந்திருக்கலாம். ஐயமிருப்பின், தேதி தெரிந்த போர்க்காலப் புகைப்படத்துடன் ஒப்பிட்டு முடிவுசெய்யுங்கள்.