முதுகு எந்தப் பக்கம்?

அன்புள்ள அக்கா,

பென்சில்வேனியாவில் இருக்கிறேன். மூன்று வருடமாக ட்ரவுட் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் வைத்துப் போலிப் பூச்சி கட்டுகிறேன். ஃபெசன்ட் டெயில், கவுதாரி-ஆரஞ்சு, ஊலி பக்கர் என்று பழைய பேட்டர்ன்களை ஈயத் தலை வைத்த ஜிக் முள்ளில் (நைலான் கோக்கும் கண் வளைந்த தூண்டில் முள்) கட்டுகிறேன். மீன் கிடைக்கிறது. ஆனால் கூட வரும் பெரியவர் ஒருவர் "பாரம்பரியத்தைக் கெடுக்கிறாய்" என்கிறார். நான் செய்வது தப்பா? பூச்சியின் தலைக்கு எந்த வார்னிஷ் நல்லது? நூல் என்ன தடிமன்?

ஆர்.

அன்புள்ள தம்பி,

வார்னிஷ், நூல் எல்லாம் கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். ஈயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால் இங்கே இங்கிலாந்தில் 1987லேயே தூண்டிலில் கனத்துக்கு வைக்கும் சின்ன ஈயக் குண்டுகளுக்குத் தடை வந்துவிட்டது. டங்ஸ்டன் உலோகம் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி, சின்ன மணியே போதும்.

பெரியவரிடம் ஃபிராங்க் சாயரைப் பற்றிச் சொல்லுங்கள். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரித்தவர், ஃபெசன்ட் டெயிலை உருவாக்கியவர். அவர் அதற்கு நூலே போடவில்லை, மெல்லிய செப்புக் கம்பியாலேயே கட்டினார். நிறத்துக்காக மட்டுமில்லை, பூச்சி சட்டென்று ஆழத்துக்கு இறங்கவேண்டும் என்றுதான். அவர் உடம்பில் செம்பைச் சுற்றினார், நீங்கள் தலையில் கனம் வைக்கிறீர்கள். இதில் என்ன கெட்டுப்போயிற்று? ஊலி பக்கரோ உங்கள் மாநிலத்துக்காரர் ரஸ்ஸல் பிளெஸிங் 1967இல் கட்டியது, அதற்கு மேல் கீழ் கிடையாது, எந்த முள்ளிலும் உட்காரும். கவுதாரி-ஆரஞ்சில் மட்டும் நான் பெரியவர் கட்சி. நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, இறகு மூச்சு விடுவதுபோல் விரிந்து மடங்கி மிதந்து போவதற்காகக் கட்டியது அது. அதன் தலையில் கனத்தை ஏற்றி அடியில் உருட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். டப்பாவைச் சுத்தம் செய்கையில், ஜிக் முள் வாங்கிய புதிதில் நான் கட்டிய இருபது ஃபெசன்ட் டெயில் கிடைத்தன. பூச்சியின் முதுகாகத் தெரியவேண்டிய கூனை வழக்கம்போல் மேல்பக்கம் வைத்துக் கட்டியிருக்கிறேன். ஒன்றை நைலானில் கட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டேன். முள் புரண்டு முனை மேலே வந்தது, கூன் வயிற்றுப் பக்கம் போய்விட்டது. கண் வளைந்து கனமும் அந்தப் பக்கமே இருப்பதால் ஜிக் முள் அப்படித்தான் திரும்பும், கல்லில் மாட்டாது என்று அதற்காகத்தானே வாங்குகிறோம். அப்படியென்றால் கூனை முனை இருக்கும் பக்கம் வைத்துக் கட்டவேண்டும். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மல்லாந்து போனாலும் மீன் கடிக்கும், எனக்கும் கடித்தது. ஆனால் முதுகு எங்கே என்று தெரியாமல் கட்டியதைப் பழைய பேட்டர்ன் என்று சொல்லாதீர்கள், அது இறகு சுற்றிய முள், அவ்வளவுதான்.

யார்க்ஷயர் வந்த முதல் ஏப்ரலில், வார்ஃப் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு தாத்தா என்னைக் கூப்பிட்டுச் செங்கல் அளவு கல் ஒன்றைத் தூக்கிப் புரட்டிக் காட்டினார். ஈரத்தில் நெல்மணி நீளத்துக்கு ஒரு பூச்சிக் குஞ்சு ஓடியது, ஃபெசன்ட் டெயில் காட்டுவது இதைத்தான். பழுப்புப் பச்சை, மூன்று மெல்லிய வால், தோளுக்குப் பின்னால் கறுத்த மேடு, அதற்குள்தான் இறக்கை மடிந்திருக்கிறதாம். புகையிலை டப்பா மூடியில் தண்ணீர் எடுத்து அதை விட்டார். நீந்தியபோது கால்களெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டன. "பார்த்தாயா, கால் எங்கே?" என்றார். சாயர் பூச்சிக்குக் கால் வைக்காதது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. அவருக்கும் அது ஆற்றைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்ததுதானே.

மூன்று வருடம் கட்டியிருக்கிறீர்கள், விடாமல் கட்டுகிற அந்தக் கை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு கல்லையாவது புரட்டினேன் என்று எழுதவில்லையே தம்பி! வார்னிஷ் வாங்கப் போகிற சனிக்கிழமை முதலில் ஆற்றுக்குப் போங்கள், அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பார்த்த பிறகு கல்லை எடுத்த இடத்திலேயே, அதே பக்கம் கீழாக வையுங்கள். அடியில் என்ன இருந்தது, எத்தனை வால், எப்படி நீந்தியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா