இனவாதத்தை வெல்லச் செபித்தால் போதுமா?

"பூசையில் இனவாதம் ஒழிய மன்றாடுகிறோம். செபித்தால் அது போய்விடுமா?" என்பது கேள்வி.

ஒருவரை அறியுமுன்பே, அவருடைய இனத்தை வைத்து அவரைத் தாழ்த்தி எடைபோடுவதுதான் இனவாதம். அதற்கு எதிரான செபம் முதலில் செபிப்பவரைத்தான் திருத்தப் பார்க்கிறது. காரணம், விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல் 1:27இன்படி எல்லா மனிதரும் கடவுளின் சாயல். ஒருவரை இழிவாக நினைத்தால் அந்தச் சாயலையே இழிவுபடுத்துகிறோம். இனம், நிறம், மதம் பார்த்து வேற்றுமை காட்டுவது கிறிஸ்துவின் மனதுக்கு ஒவ்வாதது என்று 1965இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொன்னது.

திருகோணமலை ஆட்களுக்கு யன்னல் கம்பியைச் சொன்னால் விளங்கும். உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பிக்கு மேலால் பெயின்ற் அடித்தால் ஒரு மாரி தாங்காது (எங்கள் வீட்டிலும் அதே கதைதான்). முதலில் சுரண்ட வேண்டும். நம்முடைய பிழைகளை நாமே தேடிப் பார்க்கும் ஆத்தும சோதனைதான் அந்தச் சுரண்டல். சந்தையில் சிங்களவரைப் பற்றி, முஸ்லிம்களைப் பற்றி நான் என்ன சொன்னேன்? யாரோ சொன்ன பகிடிக்கு நானும் சிரித்தேனா? பூசைத் தொடக்கத்தில் கடமையில் தவறியதையும் அறிக்கையிடுகிறோமே, வாய்மூடி இருந்ததும் அதற்குள் வரும்.

பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, திருச்சபையின் போதனையில் மன்னிப்பு நீதி கேட்பதைத் தடுப்பதில்லை.