பிரெஞ்சு மேஜைக் கடிகாரம் ஓடி ஓடி நிற்பது பற்றி

வணக்கம். இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளோடு ஜோடியாக வாங்கிய பிரெஞ்சுக் கடிகாரம் வீட்டுக்கு வந்ததிலிருந்து சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது, ஸ்பிரிங் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அநேகமாக ஸ்பிரிங் இல்லை. காதை வைத்துக் கேளுங்கள். 'டிக்... டாக்' சம இடைவெளியில் வராமல் நொண்டினால், ஊசலின் தாளம்தான் பிசகியிருக்கிறது. இடம் மாற்றிய கடிகாரங்களில் இது சகஜம்.

முதலில் அடிப்பாகம் ஆடாமல் சமமாக நிற்கட்டும். அப்புறம் பின்மூடியைத் திறந்தால், இயந்திரத்தை முன்வளையத்தோடு இறுக்கிப் பிடிக்கும் இரண்டு திருகுகள் தெரியும். அவற்றைக் கொஞ்சம் தளர்த்தி, முகப்போடு சேர்த்து இயந்திரத்தை மயிரிழை அளவு திருப்புங்கள். சத்தம் சமமானதும் இறுக்கிவிடுங்கள். அப்படியும் நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கலாம், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

இயந்திரத்தின் பின்தகட்டில் இருப்பதாகச் சொன்ன ஜாபி (Japy, பிரெஞ்சுக் கடிகார இயந்திரத் தயாரிப்பாளர்) முத்திரை இயந்திரத்துக்கு உரியது. வெளிக்கூடு வேறு பட்டறையில் செய்ததாக இருக்கலாம்.

கூட்டுக்கும் தண்டுகளுக்கும் பித்தளை பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சு இருந்தால் போய்விடும். அடியில் தேய்ந்த இடம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது துத்தநாகக் கலவை, மஞ்சளாக இருந்தால் வெண்கலமோ பித்தளையோ. துத்தநாகம் என்றால் தண்டுகளைக் கிளையைப் பிடித்துத் தூக்காதீர்கள், சட்டென்று முறியும்.