காய்ச்சல் போயிற்று, படபடப்பு போகவில்லை: மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. மும்பை சயான் கோலிவாடாவில் வசிக்கிறேன். செப்டம்பரில் ஐந்து நாள் கடுமையான காய்ச்சல் இருந்தது; ‘வைரல்’ என்று மாத்திரை கொடுத்தார்கள், குணமானது. ஆறு வாரம் கழிந்தும், தாதரில் வண்டி மாற நடைமேம்பாலத்தில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறது; பாதிப் படியில் நின்றுவிடுகிறேன். ஈ.சி.ஜி. நார்மல், வெறும் பலவீனம் என்கிறார்கள். ஜனவரியில் மும்பை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பயிற்சியைத் தொடங்கலாமா?

பதில்: இப்போது தொடங்க வேண்டாம். உங்களைப் போன்ற நிலையில் வருபவர்களில் பெரும்பாலோருக்கு இதயத் தசையில் பழுது இருப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்களுக்கும் இல்லை என்று உறுதி கூற அந்த ஒரு ஈ.சி.ஜி. போதாது. நீங்கள் அசையாமல் படுத்திருந்த சுமார் 10 விநாடிகளின் மின்பதிவு அது. தசையில் அழற்சி இருக்கிறதா, இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதை அதில் நேராகப் பார்க்க முடியாது.

காக்ஸாக்கி பி, அடினோ ஆகிய வைரஸ்கள் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் இதயத் தசை செல்களின் மேற்பரப்பிலும் இருப்பதால், அவை அங்கே எளிதில் நுழைந்துவிடுகின்றன. ஃப்ளூ, டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா ஆகியவற்றுக்குப் பின்னும் இதயத் தசை அழற்சி ஏற்படுவதுண்டு. முதல் சில நாட்களில் வைரஸே செல்களை அழிக்கிறது; பிறகு அதை விரட்ட வந்த நோய் எதிர்ப்பு அணுக்கள், சிலரிடம் வைரஸ் ஒழிந்த பின்னும் ஓயாமல் தசையையே தாக்குகின்றன. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிலருக்கு மூச்சு வாங்கத் தொடங்குவது இதனால்தான். பலருக்கு இது தானாகவே ஆறிவிடும். சிலருக்கு ஆறிய இடத்தில் தழும்பு விழுந்து துடிப்பின் ஒழுங்கு தவறும். இன்னும் சிலருக்கு இதயம் விரிந்து, இரத்தத்தை வெளியேற்றும் திறன் குறையும்.

அழற்சி இருக்கும்போது ஓடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. காக்ஸாக்கி வைரஸ் தொற்றிய எலிகளைக் கட்டாயமாக நீந்தவைத்த ஆய்வு ஒன்று 1970-இல் வெளியானது. ஓய்வாக விடப்பட்ட எலிகளைவிட அவற்றின் இதயத்தில் வைரஸ் பெருகியது, இறப்பும் கூடியது. எலிக்கு நேர்ந்ததெல்லாம் மனிதருக்கும் நேரும் என்று சொல்ல வரவில்லை. இருந்தாலும், இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணங்களுக்கு இந்த அழற்சியும் ஒரு காரணம் என்பதால் நாங்கள் இதில் கண்டிப்பாக இருக்கிறோம்.

தசையைத் தவிர வேறு இடங்களிலும் கோளாறு இருக்கலாம். படுத்தால் கூடி, முன்புறம் குனிந்து உட்கார்ந்தால் தணிகிற குத்துவலி இருந்தால், இதயத்தைச் சூழ்ந்த உறையில் அழற்சி என்று சந்தேகிப்போம். நீங்கள் வலி எதையும் குறிப்பிடவில்லை. அதைவிடச் சாத்தியம் அதிகமானது, இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் தன்னியக்க நரம்புகளின் தடுமாற்றம். இதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்டுவைத்த ஆக்சிமீட்டர் பலர் வீட்டில் இருக்கும்; அது நாடித்துடிப்பையும் காட்டும். ஐந்து நிமிடம் படுத்திருந்து அளவைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, எழுந்து சாயாமல் நின்று பத்து நிமிடம் வரை அவ்வப்போது பாருங்கள். துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நின்றால், அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

பரிசோதனைகளில் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம், முதலில். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு 55 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது பொதுவாக இயல்பு. கூடவே 24 மணி நேர ஹோல்டர் பதிவு (உடலில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவியில் தொடர்ந்து எடுக்கும் ஈ.சி.ஜி.), ஹீமோகுளோபின், தைராய்டு. வைரஸ் தொற்றுக்குப் பின் தைராய்டு சுரப்பியிலும் அழற்சி வந்து இதே படபடப்பைத் தருவதுண்டு. இதயத் தசை பழுதானால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை இப்போது இயல்பாக வந்தால் அதை மட்டும் நம்பி நிம்மதி அடையாதீர்கள். ஆறு வாரத்தில் அது இறங்கியிருக்கலாம். எக்கோவிலோ ஹோல்டரிலோ ஐயம் எழுந்தால், அல்லது எல்லாம் சரியாக இருந்தும் படியேற முடியாமலே இருந்தால், அடுத்தது இதய எம்.ஆர்.ஐ. தழும்பையும் வீக்கத்தையும் காட்டுவது அதுதான். செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்; பரேல் கே.ஈ.எம். மருத்துவமனையிலும் உங்களுக்கு அருகிலுள்ள லோகமான்ய திலக் மருத்துவமனையிலும் இதய நோய்ப் பிரிவு இருக்கிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. வந்தது வைரஸ்தான் என்று யார் உறுதி செய்தார்கள்? மழைக்கால மும்பையில் தேங்கிய நீரில் நடந்தவர்களுக்கு வரும் லெப்டோஸ்பைரோசிஸ் பாக்டீரியாவால் வருவது; 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பின் இந்த நகரம் அதை நன்றாகவே அறிந்துகொண்டது. அதுவும் இதயத்தைத் தொடும். காய்ச்சலின்போது எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் இருந்தால் கொண்டு செல்லுங்கள்.

தசை அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் உடற்பயிற்சியை நிறுத்துவதே இதுவரை வழக்கம். அப்படியானால் இந்த ஜனவரி ஓட்டம் கிடையாது. எல்லாம் இயல்பு என்றால், சமதளத்தில் நடையில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்லக் கூட்டலாம். உடல்வலிக்கு இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை, முடிவு தெரியும்வரை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், பாராசிட்டமால் போதும். மயக்கம், நெஞ்சுவலி, கால்வீக்கம், படுத்தால் மூச்சுமுட்டல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் முன்பதிவுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.