வீட்டில் இணைய ரேடியோ: வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் ஒலிபரப்பாகும் வானொலிகளைக் கேட்பதற்கென்றே வரும் தனி ரேடியோ பெட்டிகளைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: கைப்பேசியிலேயே எல்லா நிலையமும் கேட்கிறதே, தனியாக ஒரு பெட்டி எதற்கு? அதற்குள் என்னதான் நடக்கிறது?

கைப்பேசியில் கேட்டால், அழைப்பு வந்ததும் பாட்டு நின்றுவிடும். கைப்பேசிக்காரர் வெளியே கிளம்பினால் ரேடியோவும் கூடவே போய்விடும். தனிப் பெட்டி வைத்த இடத்தில் இருக்கும். வீட்டில் யார் வேண்டுமானாலும் 1, 2, 3 என்ற பொத்தானை அழுத்திக் கேட்கலாம். பார்வை மங்கியவர்களுக்கும் தொடுதிரை பழகாதவர்களுக்கும் இதைவிட எளிதான வழி இல்லை.

உள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளுக்கு நீங்களே காரணம் கண்டுபிடித்துவிடலாம். முதலில், பெட்டி ஓர் இணைய அட்டவணைச் சேவையைத் தொடர்புகொண்டு நிலையங்களின் பெயர்களையும் முகவரிகளையும் வாங்குகிறது. தொலைபேசி எண் கையேட்டைப் புரட்டுவது போன்ற வேலை இது. அடுத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த நிலையத்தின் சர்வரோடு நேரடியாக இணைந்து ஒலியைப் பெறுகிறது. பல பெட்டிகளில் நினைவுப் பொத்தான்கள் நிலையத்தின் முகவரியைச் சேமிப்பதில்லை. அட்டவணையில் அந்த நிலையத்துக்கு உள்ள எண்ணை மட்டுமே வைத்திருக்கும். நிலையம் தன் முகவரியை மாற்றினாலும் பொத்தான் வேலை செய்வது இதனால்தான். அட்டவணைச் சேவை நின்றுபோனால் எல்லாப் பொத்தான்களும் ஒன்றாகச் செத்துப்போவதும் இதனால்தான்.

வாங்குவதற்கு முன் ஒலிபெருக்கியின் அளவைப் பார்ப்பதைவிட மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டி எந்த அட்டவணைச் சேவையை நம்பியிருக்கிறது? அட்டவணையில் இல்லாத முகவரியை நாமே சேர்க்க முடியுமா? வேறு கருவியிலிருந்து ஒலியை வாங்கிக்கொள்ள ஆக்ஸ் (கம்பி செருகும் ஒலி உள்ளீட்டுத் துளை) அல்லது புளூடூத் உண்டா? மூன்றாவது இருந்தால், இணையப் பகுதி என்றோ ஒருநாள் கைவிட்டாலும் பெட்டி வெறும் மரப்பெட்டி ஆகிவிடாது.

கேள்வி: புது ரௌட்டர் மாற்றியதிலிருந்து ரேடியோ வைஃபையில் சேர மறுக்கிறது. கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது.

கடவுச்சொல்லை விட்டுவிட்டு ரௌட்டரின் அமைப்புகளைப் பாருங்கள். பெரும்பாலான இணைய ரேடியோக்கள், குறிப்பாகப் பழையவை, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். புது ரௌட்டர்கள் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, எந்தக் கருவி எதில் சேர வேண்டும் என்று தாமே முடிவு செய்யும். இதில் சில ரேடியோக்கள் குழம்பிப்போகும். ரௌட்டரில் 2.4-க்கு மட்டும் தனிப்பெயர் வைத்து அதில் ரேடியோவைச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது வைஃபையின் பாதுகாப்பு முறை. ரௌட்டர் புதிய முறையான டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பெட்டி சேரவே முடியாது. டபிள்யூபிஏ2 (ஏஇஎஸ்) என்று மாற்றுங்கள். 2, 3 கலந்த முறையிலும் சில பெட்டிகள் தடுமாறும். வீட்டில் மற்ற கருவிகளை டபிள்யூபிஏ3-லேயே வைத்திருக்க விரும்பினால், ரேடியோவுக்கு மட்டும் டபிள்யூபிஏ2-ல் ஒரு விருந்தினர் வைஃபை திறந்துவிடலாம். ஆனால் விருந்தினர் வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுப்பு இருப்பது வழக்கம். ரேடியோ பாடும், கைப்பேசிச் செயலியிலிருந்து அதைக் கட்டுப்படுத்த முடியாது.

வைஃபை சேனலையும் கவனியுங்கள். ரௌட்டர் தானாக 12 அல்லது 13-ஐத் தேர்ந்தெடுத்திருந்தால், சில பெட்டிகளுக்கு அந்த வைஃபையின் பெயரே பட்டியலில் தெரியாது. 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். வைஃபை பெயரிலோ கடவுச்சொல்லிலோ விசித்திரக் குறிகள் இருந்தாலும் சிக்கல் வரலாம். குமிழைத் திருகித் திருகி எழுத்து இடும் பெட்டிகளில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறிப்போவதும் சகஜம். டபிள்யூபிஎஸ் என்ற இணைப்புப் பொத்தான் ரேடியோ, ரௌட்டர் இரண்டிலும் இருந்தால் கடவுச்சொல் இடாமலே சேர்த்துவிடலாம். சேர்ந்த பிறகு ரௌட்டரில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பாட்டு நின்று நின்று வருகிறது. கைப்பேசியில் சோதித்தால் இணைய வேகம் நன்றாகத்தான் இருக்கிறது.

நொடிக்கு 128 கிலோபிட் அளவில் வரும் ஒலியோடைக்கு (இணையத்தில் தொடர்ந்து வரும் ஒலிக்கு) நொடிக்கு 16 கிலோபைட் போதும். அதனால் வேகச் சோதனையில் வரும் பெரிய எண்கள் இங்கே எதையும் நிரூபிப்பதில்லை. ரேடியோவுக்கு இடைவிடாத வரத்துதான் முக்கியம். பெட்டி சில நொடிகளுக்கான ஒலியை முன்கூட்டியே வாங்கித் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். அந்த பஃபர் 64 கிலோபைட் என்றால் 128 கிலோபிட்டில் ஏறத்தாழ 4 நொடி தாங்கும். வைஃபை 5 நொடி திணறினால் பாட்டு அறுந்துவிடும். அதே நிலையம் 64 கிலோபிட்டிலும் ஒலிபரப்பினால் அதே பஃபர் 8 நொடி தாங்கும்.

முதலில் வேறு இரண்டு நிலையங்களைப் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் நின்று நின்று வந்தால் கோளாறு அந்த நிலையத்தின் சர்வரில். எல்லாமே அப்படி என்றால் ரேடியோவை ரௌட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அங்கே சரியாக ஓடினால் குற்றவாளி வைஃபைதான். அங்கேயும் அறுந்தால் இணைய இணைப்பைச் சந்தேகிக்கலாம்.

வைஃபை என்று தெரிந்துவிட்டால், கருவி மாற்றுவதற்கு முன் இடத்தை மாற்றுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். எதிரொலித்து வரும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடத்தில் பெட்டி இருந்தால், அதை ஒரு சாண் தள்ளி வைத்தாலே நிலைமை மாறும். இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, பெரிய கண்ணாடி இவற்றின் பின்னால் வைக்காதீர்கள். சமைக்கும் நேரத்தில் மட்டும் அறுந்தால் மைக்ரோவேவ் அடுப்பைக் கவனியுங்கள். அதுவும் இதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. பெட்டியின் பட்டியலில் சிக்னல் அளவு டெசிபெல்லில் காட்டினால், கழித்தல் 67-ஐ ஒட்டி இருப்பது நல்லது. கழித்தல் 80 பக்கம் போனால் தொல்லை நிச்சயம். பின்புறம் ஈதர்நெட் துளை இருந்து கேபிள் இழுக்க வழியும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கேபிள்தான்.

கேள்வி: நாள் முழுக்க ஓடினால் டேட்டா எவ்வளவு செலவாகும்?

கிலோபிட் எண்ணை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான மெகாபைட் கிடைக்கும். 128 கிலோபிட்டுக்கு 57.6 மெகாபைட், 320-க்கு 144. தினமும் 6 மணி நேரம் 128-ல் கேட்டால் 30 நாளில் சுமார் 10.4 ஜிகாபைட். ஒலியைச் சுழியத்துக்குக் குறைப்பதால் டேட்டா மிச்சமாகாது. ஓடை வந்துகொண்டேதான் இருக்கும். ரேடியோவைப் பெரிய ஆம்ப்ளிஃபையரோடு இணைத்திருப்பவர்கள் ஆம்ப்ளிஃபையரை மட்டும் அணைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய ரேடியோவில் ஒரே நாளில் எல்லா நிலையங்களும் காணாமல் போயின. வைஃபை இருக்கிறது என்றுதான் காட்டுகிறது. பெட்டியைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

வேண்டாம். முதல் பதிலில் சொன்ன அட்டவணைச் சேவை நின்றுபோனதன் அடையாளம் இது. பெட்டியின் மின்சுற்றில் பெரும்பாலும் எந்தக் குறையும் இருக்காது. ரெசிவா என்ற அட்டவணை 2021-ல் மூடப்பட்டது. ஃபிரான்டியர் நிறுவனத்தின் சிப் கொண்ட ரேடியோக்கள் 2019-ல் விடியூனர் என்ற அட்டவணையிலிருந்து ஏரபிள் என்ற அட்டவணைக்கு மாறின. அப்போது பலர் நினைவுப் பொத்தான்களை மறுபடி பதிய வேண்டியிருந்தது. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற இணைய இசைக் கருவிகளுக்கான இணையச் சேவை 2024-ல் நின்றது. நல்ல கருவிகள் இப்படி அனாதையாவது வருத்தமான விஷயம்.

என்ன செய்யலாம் என்பது எந்த அட்டவணையை நம்பிய பெட்டி என்பதைப் பொறுத்தது. ஸ்குவீஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. லிரியன் மியூசிக் சர்வர் என்ற இலவச மென்பொருளை வீட்டிலுள்ள கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையிலோ நிறுவி, கருவியில் அந்த சர்வரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் அந்தக் கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விடியூனரை நம்பிய பெட்டி என்றால் ஒய்காஸ்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. இது உங்கள் வீட்டுக்குள்ளேயே விடியூனர் போல நடித்து, நீங்கள் எழுதிவைத்த பட்டியலைப் பெட்டிக்குக் கொடுக்கும். இதற்கு ரௌட்டரின் டிஎன்எஸ் அமைப்பில் (இணையப் பெயருக்கு உரிய முகவரியைத் தரும் பகுதியில்), விடியூனரின் முகவரியைக் கேட்கும்போது வீட்டுக் கணினியின் முகவரியைத் தரும்படி மாற்ற வேண்டும். மென்பொருள் கணினியின் 80-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசலில்) இயங்க வேண்டும். அதே போர்ட்டை வேறு மென்பொருள் பிடித்துவைத்திருப்பதாலேயே பலருக்கு முதல் முயற்சியில் இது ஓடுவதில்லை.

இரண்டுக்கும் வழியில்லாத பெட்டியில் யுபிஎன்பி (வீட்டு வலையமைப்புக்குள் கருவிகள் ஒலியைப் பகிரும் முறை) வழியாக வீட்டுக் கணினியிலிருந்து பாட வைக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசி வழி ஆக்ஸ் துளை.

பெட்டி நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த நிலையங்களின் நேரடி ஓடை முகவரிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை போனாலும் கருவி மாறினாலும் அந்தக் கோப்பு உதவும்.

கேள்வி: அந்த நேரடி முகவரியை எப்படிக் கண்டுபிடிப்பது? நிலையத்தின் இணையதள முகவரியை ரேடியோவில் இட்டால் எதுவும் கேட்கவில்லை.

இணையதள முகவரி என்பது படமும் எழுத்தும் கொண்ட பக்கத்துக்குரியது. ரேடியோவுக்கு ஒலி வரும் முகவரி வேண்டும். ரேடியோ பிரௌசர் என்ற திறந்த அட்டவணையில் நிலையத்தைத் தேடினால் ஓடை முகவரி பெரும்பாலும் கிடைத்துவிடும். தமிழ் நிலையங்களை மொழிவாரியாக மட்டும் தேடாதீர்கள். மொழி குறிக்கப்படாமல் நாட்டின் பெயரில் மட்டும் கிடக்கும் நிலையங்களும் உண்டு. அங்கே இல்லையென்றால், கணினியில் நிலையத்தின் பக்கத்தைத் திறந்து, பிரௌசரின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தபடி ஒலியை ஓடவிடுங்கள். மீடியா என்று வடிகட்டினால் முகவரி தெரியும்.

கிடைத்த முகவரி .எம்3யு அல்லது .பிஎல்எஸ் என்று முடிந்தால் அது எழுத்து மட்டுமே கொண்ட ஒரு சின்னக் கோப்புதான். அதை நோட்பேடில் திறந்தால் உண்மையான முகவரி உள்ளே இருக்கும். அதைக் கணினியில் விஎல்சி என்ற ஒலி-ஒளி இயக்கி மென்பொருளில் போட்டு ஒலிக்கிறதா என்று பார்த்த பிறகே ரேடியோவில் சேருங்கள்.

விஎல்சி-யில் பாடி, ரேடியோவில் பாடாவிட்டால் இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால், பழைய பெட்டிகளால் இன்றைய மறையாக்கத்தைப் படிக்க முடியாமல் போகலாம். முகவரியின் தொடக்கத்தில் உள்ள எச்டிடிபிஎஸ்-இல் கடைசி ‘எஸ்’ எழுத்தை மட்டும் நீக்கி முயன்று பாருங்கள். பல நிலையங்களின் சர்வர்கள் இன்னும் அதற்கும் பதில் தருகின்றன. முகவரி .எம்3யு8 என்று முடிந்தால் அது எச்எல்எஸ் முறை. ஒலியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பும் இந்த முறை பழைய பெட்டிகளுக்குப் புரியாது. பிபிசி 2023-ல் தன் எம்பி3 ஓடைகளை நிறுத்தியபோது பல ரேடியோக்கள் அந்த நிலையங்களை இழந்ததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: மணியடிக்கும் ஒலி கடிகாரத்தைவிடப் பிந்தி வருகிறது. இரண்டு அறைகளில் ஒரே நிலையம் போட்டால் எதிரொலி போல் கேட்கிறது.

ஒலியைச் சுருக்குவது, சர்வரில் தேக்குவது, பெட்டியில் பஃபர் நிரப்புவது எல்லாம் சேர்ந்து 10 முதல் 40 நொடி வரை பிந்தலாம். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக இணைவதால் இந்தத் தாமதம் ஒன்றுபோல் இருக்காது. பல அறை ஒத்திசைவு வசதியுள்ள, ஒரே குடும்பத்துக் கருவிகளைக் குழுவாக இணைத்தால் மட்டுமே சேர்ந்து பாடும். பெட்டியில் தெரியும் கடிகாரம் இணைய நேரச் சேவையிலிருந்து வருவது, அதை நம்பலாம்.

கேள்வி: அடாப்டர் போய்விட்டது. வீட்டில் கிடக்கும் வேறொன்றைச் செருகலாமா?

வோல்ட் அளவு அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் நடுப்பகுதி கூட்டலா கழித்தலா என்ற வட்டக்குறி இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகி, 5 வோல்ட் பெட்டிக்குள் 12 வோல்ட் ஏற்றினால் அத்தோடு சரி. ஒலியைக் கூட்டும்போதெல்லாம் பெட்டி தானாக அணைந்து மறுபடி தொடங்கினால், ஆம்பியர் போதாத அல்லது தேய்ந்துபோன அடாப்டரைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நானே ஒன்று செய்ய ஆசை. சாலிடரிங் தெரியும். எதில் தொடங்கலாம்?

ஈஎஸ்பி32-எஸ்3 என்ற, வைஃபை உள்ள சின்னக் கட்டுப்படுத்திப் பலகையில் தொடங்குங்கள். 8 மெகாபைட் பிஎஸ்ராம் (கூடுதல் நினைவகம்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இணைய ஒலியை ஓட வைக்கும் ஈஎஸ்பி32-ஆடியோஐ2எஸ் என்ற நிரல் நூலகத்தின் புதிய பதிப்புகளுக்கு அது கட்டாயம் தேவை. பலகைக்கு நிரல் ஏற்றும் ஆர்டுயினோ மென்பொருளின் டூல்ஸ் பட்டியலில் ஓபிஐ பிஎஸ்ராம் என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் நிரல் ஏறும், பாட்டு வராது. இந்தப் பலகையில் 35, 36, 37 ஆகிய பின்கள் அந்த நினைவகத்துக்கே போய்விடுவதால் அவற்றைத் தொடாதீர்கள்.

சின்ன ஒலிபெருக்கி போதும் என்றால் மேக்ஸ்98357ஏ என்ற ஆம்ப்ளிஃபையர் பலகை. 5 வோல்ட்டில் 4 ஓம் ஒலிபெருக்கிக்குச் சுமார் 3 வாட் தரும். இதை ஈஎஸ்பி32 பலகையோடு இணைக்க பிகிளாக், எல்ஆர்சி, டின் என்ற மூன்று சிக்னல் கம்பிகளோடு மின்சாரம், கிரவுண்டு. கம்பிகள் 10 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் கொடுத்து, ஆம்ப்ளிஃபையரின் மின்கால்களுக்கு அருகிலேயே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வையுங்கள். அது இல்லாவிட்டால் தாளம் அடிக்கும் இடங்களில் பலகை ரீசெட் ஆகும்.

வீட்டில் உள்ள ஸ்டீரியோவோடு இணைப்பதாக இருந்தால், டிஜிட்டல் ஒலியை ஸ்டீரியோவுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றித் தரும் பிசிஎம்5102ஏ பலகை நல்லது. அதன் எஸ்சிகே காலை கிரவுண்டோடு சேர்த்துச் சாலிடர் செய்யுங்கள்; அப்படியே விட்டால் இரைச்சல் வரும், அல்லது ஒலியே வராது. மேக்ஸ்98357ஏ-வை ஸ்டீரியோவின் உள்ளீட்டில் செருகவே கூடாது. அதன் ஒலிபெருக்கிக் கால்கள் இரண்டிலும் சிக்னல் ஓடுகிறது, எதுவும் கிரவுண்டு அல்ல. ஒன்றைக் கிரவுண்டில் தொட்டால் சிப் போய்விடக்கூடும்.